பழைய சின்ன காரில் ரீகால் நிலுவை இருக்கிறதா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடியில் நான் ஓட்டும் கார் பத்து வருஷத்தைத் தாண்டியது. டி.என். 07 பதிவு. சென்னையில் ஒருவர் புதிதாக வாங்கி, கும்பகோணத்தில் ஒருவர் கைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர்பேக்கை மாற்ற வேண்டும் என்று கம்பெனி அறிவித்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் நான் அந்த வண்டியை வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. மூன்று வருஷம் அந்த ஏர்பேக் நெஞ்சுக்கு நேராக இருக்க, அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து வேளாங்கண்ணிக்கும் தஞ்சாவூருக்கும் போய் வந்திருக்கிறேன்.

டேஷ்போர்டுக்குள் கிடந்த பழைய இன்சூரன்ஸ் நகலில் முதல் உரிமையாளரின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். "ஆமா தம்பி, கம்பெனியிலேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு. வண்டியைத்தான் வித்தாச்சேன்னு எடுத்து ஓரமா வெச்சுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடிதம் வந்தது அவர் முகவரிக்கு, வண்டி இருந்தது என் வாசலில்.

திருவாரூர் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரியும். டி.என். 50-க்கு நடுவே டி.என். 01, 02, 07, 09, 22 என்று சென்னைப் பதிவுக் கார்கள் வரிசையாக நிற்கும். பட்டணத்தில் ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டிதான் நம் பக்கம் வருகிறது. அதன் ரீகால் கடிதம் கூடவே வருவதில்லை. ஆகவே தேடிப் பார்க்கும் வேலை நம்முடையது. பத்து நிமிஷம்தான் ஆகும், பைசா செலவில்லை.

ரீகால் என்பது எது, எது இல்லை

ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரே பாகம் ஒரே மாதிரி பழுதாகும் என்று தெரிய வந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து, பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுப்பது ரீகால். வாரன்டி முடிந்திருந்தாலும், நீங்கள் மூன்றாவது உரிமையாளராக இருந்தாலும், பாதுகாப்பு ரீகால் வேலையைப் பொதுவாகக் காசு வாங்காமல் செய்து தருவார்கள். அது ஆளைப் பார்த்து வருவதில்லை, சேஸிஸ் நம்பரைப் பார்த்து வருவது.

நம் நாட்டில் தயாரிப்பாளர்கள் தாங்களாக முன்வந்து ரீகால் செய்யும் நடைமுறை 2012-ல் ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முன்பும் நடந்ததுண்டு. 2010-ல் மாருதி ஏ-ஸ்டார் கார்கள் சுமார் ஒரு லட்சம், பெட்ரோல் கசிவுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2013-ல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1,66,021 அழைக்கப்பட்டன. பின் சக்கரங்களைத் தாங்கும் பீமும் பவர் ஸ்டியரிங் ஹோஸும் காரணம். 2015-ல் ஆல்டோ கார்கள் 33,098, வலப்பக்கக் கதவின் லாட்சுக்காக. 2018-ல் ஸ்விஃப்ட், பலேனோ 52,686, பிரேக் வேக்கம் ஹோஸுக்காக. அந்த ஹோஸ் போனால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப்போகும். முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி தாமதமாகத்தான் நிற்கும். 2020-ல் வேகன்-ஆர், பலேனோ 1,34,885, எரிபொருள் பம்புக்காக. ஹோண்டாவின் பழைய மாடல்கள் பலவும் இதே பம்புக்காக 2020-லும் 2024-லும் அழைக்கப்பட்டன. இந்தப் பம்பு திடீரென்று நின்றால் ஓடுகிற வண்டி அப்படியே அணைந்துவிடும். நெல் லாரியை ஓவர்டேக் பண்ணும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் உங்கள் மாடல் பெயர் இருப்பதால் உங்கள் வண்டியில் பழுது இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெயர் இல்லாததால் நிம்மதியும் இல்லை. ஒரே மாடலில் ஒரு மாதம் தயாரான வண்டிக்கு ரீகால் இருக்கும், அடுத்த மாதத்து வண்டிக்கு இருக்காது.

ஏர்பேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களால் (பையை ஊதவைக்கும் உலோகக் குடுவைகள்) உலகம் முழுக்கப் பல கோடி கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், 25 பேருக்கும் மேல் உயிரிழப்பு. நிறுவனமே 2017-ல் திவாலானது. இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் பழைய தலைமுறை சிட்டி, ஜாஸ், சிவிக், சி.ஆர்.வி. கார்கள் 1,90,578-ஐ அழைத்தது. 2017 ஜனவரியில் இன்னும் 41,580. 2018 ஜனவரியில், 2013-ல் தயாரான சிட்டி, ஜாஸ், அக்கார்டு 22,834. டகாட்டா பாகத்தை வாங்கிப் பொருத்திய கம்பெனிகள் இன்னும் பல உண்டு.

நம் ஊருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்த இன்ஃப்ளேட்டருக்குள் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். மோதும்போது அது எரிந்து, வாயு வந்து, பையை ஊத வேண்டும். வருஷக்கணக்கில் ஈரப்பதமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் வில்லை வில்லையாக இருக்கும் அந்த வேதிப்பொருள் தரம் கெடுகிறது. கெட்டது மெதுவாக எரியாது, வெடிக்கும். உலோகக் குடுவை சிதறி, துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அமெரிக்காவில் இந்த ரீகாலுக்கு ஃபுளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய கரையோரங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள்.

இப்போது நாகப்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சீட்டுத் துணியில் பூஞ்சை பிடிக்கிற அளவுக்கு ஈரம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். குளிர்ப் பிரதேசத்தில் ஓடிய வண்டியின் ஏர்பேக்கும் வேதாரண்யத்தில் நின்ற வண்டியின் ஏர்பேக்கும் ஒரே வயசு என்றாலும் ஒன்றல்ல. ரீகால் நிலுவை என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

முதல் வேலை: சேஸிஸ் நம்பர்

ஆர்.சி.யில் இருக்கும், இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும், டிஜிலாக்கரில் இறக்கிய ஆர்.சி.யிலும் இருக்கும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். இதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. ஆகவே ஓ மாதிரி தெரிவது பூஜ்ஜியம், ஐ மாதிரி தெரிவது ஒன்று. இதைத் தப்பாக அடித்துவிட்டு "ரீகால் எதுவும் இல்லை" என்று வந்ததை நம்பி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாருதி பெரும்பாலும் எம்.ஏ.3 என்று தொடங்கும், ஹூண்டாய் எம்.ஏ.எல்., ஹோண்டா எம்.ஏ.கே., ஃபோர்டு எம்.ஏ.ஜே.

காகிதத்தில் உள்ள நம்பரை வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பென்சிலால் தேய்த்து சேஸிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே இடம்தான். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், அல்லது முன் சீட்டுக்கு அடியில் மேட்டை விலக்கினால் தெரியும். கடல் காற்றில் துரு ஏறி எழுத்து மங்கியிருந்தால், துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்து, மேலே லேசாக வழித்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை நின்று நம்பர் பளிச்சென்று வரும். எமரி ஷீட் போட்டுத் தேய்க்கவே கூடாது. நம்பரைக் கலைத்ததாகச் சந்தேகம் வந்தால் எஃப்.சி.யில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது: தேடுவது

உங்கள் கார் கம்பெனியின் இந்திய வலைத்தளத்துக்குப் போங்கள். சர்வீஸ் பகுதிக்குள் சேஸிஸ் நம்பர் அடிக்கும் கட்டம் இருக்கும். எல்லாரும் அதை ரீகால் என்ற பெயரில் வைப்பதில்லை. "சர்வீஸ் கேம்பெய்ன்", "புராடக்ட் அப்டேட்" என்றும் இருக்கும். எந்தப் பெயரில் இருந்தாலும் அடித்துப் பாருங்கள். வரும் பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கட்டம் கிடைக்கவில்லையென்றால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். அவர்களுக்கு இந்தப் பட்டியல் வராது.

இன்று "இல்லை" என்று வந்தால் வாழ்நாளுக்கும் இல்லை என்று ஆகாது. ஏர்பேக் ரீகால் இந்தியாவில் 2016, 2017, 2018 என்று தவணை தவணையாக விரிந்ததைப் பார்த்தோம். மேட்டூர் திறக்கும் ஜூனில் ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கம்பெனியே ஊரைவிட்டுப் போயிருந்தால்? ஷெவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அப்படியிருந்தாலும் முதலில் கஸ்டமர் கேர் நம்பருக்கே போன் செய்யுங்கள், மிச்சமிருக்கும் அங்கீகார சர்வீஸ் சென்டர் எது என்று கேட்டு அங்கே போங்கள்.

போனில் பேசுவது எப்படி

சின்ன ஊர்களில் அங்கீகார சர்வீஸ் சென்டர் எல்லாக் கம்பெனிக்கும் கிடையாது. தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோதான் போயாக வேண்டும். நேரே போய் நின்றால் "பாகம் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஒரு நாள் வேலையும் பெட்ரோலும் வீண். அதனால் இப்படிப் பேசுங்கள்:

"சார், என் வண்டிக்கு ரீகால் நிலுவை இருக்குன்னு உங்க வெப்சைட்ல வருது. சேஸிஸ் நம்பர் அனுப்புறேன். பாகம் வரவழைச்சுட்டு எனக்கு ஒரு தேதி சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகும்? அன்னிக்கே முடிஞ்சிடுமா?"

சேஸிஸ் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பினால் எழுத்துப் பிழை வராது, அனுப்பியதற்குச் சாட்சியும் இருக்கும். "வண்டி உங்க பேர்ல இல்லையே சார்" என்று சொன்னால், ஆர்.சி. நகலை அனுப்பி, உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அவர்கள் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ரீகால் தகவல் உங்களுக்கே வர இதுதான் வழி. ஆர்.சி.யே இன்னும் பழைய ஆள் பெயரில் கிடந்தால் அதை முதலில் மாற்றுங்கள். டெல்டாவில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது, விபத்து நடந்தால் இரண்டு பேருக்கும் தலைவலி.

ஏர்பேக் நிலுவை என்றால், பாகம் வரும்வரை அவசியம் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். முன்பக்கப் பயணி ஏர்பேக் என்றால் அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரில்

ஜாப் கார்டு (வண்டியில் செய்யும் வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதும்போது ரீகால் வேலை தனி வரியாக வர வேண்டும், அதற்கு நேராகத் தொகை பூஜ்ஜியம் என்று இருக்க வேண்டும். கூடவே ஆயில் மாற்றலாம், வீல் அலைன்மென்ட் பார்க்கலாம் என்பார்கள். வேண்டுமென்றால் செய்யுங்கள், ஆனால் அதற்கு வேறு ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் எது இலவசம், எது காசு என்று பிறகு பிரிக்க முடியாது. புதிய பாகத்தின் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஏர்பேக்கை வீட்டுக்குக் கேட்காதீர்கள், அது அவர்களிடமே இருக்கட்டும்.

வண்டியை எடுப்பதற்கு முன் சாவியை ஆன் செய்து மீட்டரைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்.

இந்த விளக்கு விஷயத்தை செகண்ட் ஹேண்டில் வாங்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். என் தங்கைக்கு வண்டி பார்க்க நீடாமங்கலம் போனபோது, எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் சாவியைத் திருகிவிட்டு மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பெல்ட் விளக்கு வந்தது, பேட்டரி விளக்கு வந்தது, ஆயில் விளக்கு வந்தது. ஏர்பேக் விளக்கு மட்டும் வரவில்லை. மீட்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்த ஒரு புள்ளியின் மேல் கறுப்பு டேப் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தது. "தம்பி, இது எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, மறைச்சிருக்காங்க. ஏர்பேக் இருக்கான்னே தெரியாது" என்றார். அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை.

இன்னொன்று. ஏர்பேக் ஒயர்களின் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் பார்க்கலாம். ஸ்டீரியோ மாட்டுபவர், சீட் கவர் போடுபவர் யாரையும் அதைத் தொட விடாதீர்கள். "கழற்றி விட்டா பிரச்சினை தீர்ந்துச்சு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரீகாலில் வராத, நம் மண்ணுக்கே உரிய பழுதுகள்

தயாரிப்புக் குறை என்று எந்தக் கம்பெனியும் ஏற்காத, ஆனால் டெல்டாவில் பழைய கார்களைத் தின்னும் சில விஷயங்கள் உண்டு.

எலி முதலாவது. குறுவை அறுத்ததும் வயலில் தீனி போய், எலிகள் வீட்டுப் பக்கம் வரும். எஞ்சின் சூட்டுக்கு பானெட்டுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். பெட்ரோல் ஹோஸையும் விடாது. அறுப்பு முடிந்த ஒரு மாதம், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். வைக்கோல் துணுக்கோ நெல் உமியோ கிடந்தால் அதுதான் அடையாளம்.

இரண்டாவது, வைக்கோலும் உளுந்துச் செடியும். மாசி, பங்குனியில் உளுந்தை ரோட்டில் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்க விடுவது நமக்குப் பழக்கம். தரையோடு தாழ்ந்த சின்ன காருக்கு அது ஆபத்து. காய்ந்த கொடி ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். ஒருமுறை எனக்குத் தீய்ந்த வாடை வந்து, ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தபோது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கொடி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பரப்பு தெரிந்தால் ஒதுங்கிப் போகிறேன், வழியில்லாவிட்டால் தாண்டியதும் நிறுத்தி அடியில் பார்க்கிறேன்.

துரு அடுத்தது. கடற்கரையோர வண்டிகளை வருஷம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, பிரேக் பைப், பின் பீம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளும் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதும் பழைய வண்டிக்குக் கவலைதான். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களில் பெரும்பாலானவற்றின் ரப்பர் குழாய்கள் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் ஹோஸைப் பாருங்கள்.

குறை உண்டு, ரீகால் இல்லை என்றால்

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ரீகால் புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இதில் ஒரு வரம்பு உண்டு: 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாய ரீகால். பத்து வருஷ வண்டிக்காரர்களான நமக்கு இது நியாயமாகப் படவில்லை. பழைய வண்டியில்தான் குறை முற்றுகிறது, அதை ஓட்டுபவர்தான் புது வண்டி வாங்க முடியாதவர். ஏழு வருஷத்துக்குள் இருக்கும் வண்டி என்றால் புகாரைப் போட்டுவிடுங்கள். ஒரே குறைக்குப் பல பேர் புகார் சேர்ந்தால்தான் விசாரணை நகரும்.

ரீகால் பட்டியலில் உங்கள் சேஸிஸ் நம்பர் இருந்தும் சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தாலோ காசு கேட்டாலோ நிலைமை வேறு. முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் உரையாடல், போன தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். பதினைந்து நாளில் வேலை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

என் வண்டிக்கு ஏர்பேக் மாற்ற அரை நாள்கூட ஆகவில்லை. பில்லில் தொகை பூஜ்ஜியம். அந்த ஜாப் கார்டை மடித்து ஆர்.சி. உறைக்குள் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கையில் சாவியோடு அதையும் கொடுப்பேன், முதல் உரிமையாளர் வீட்டில் கிடக்கும் கடிதத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்காது.